அதிகாலை 3.40க்கு இருண்ட இரண்டாம் மாடி: கொழும்பு விடுதியொன்றின் நிகழ்வு ஆய்வு

2023 மார்ச் 28, செவ்வாய்க்கிழமை. ரமழான் நோன்பு தொடங்கி ஐந்தாம் நாள். அதிகாலை 3.40 அளவில், நான் துணைப் பொறுப்பாளராக இருந்த பெண்கள் விடுதியின் இரண்டாம் மாடி இடப்பக்கம் முழுவதும் இருண்டது. அந்த ஆண்டு பெப்ரவரி நடுப்பகுதி வரை நாட்டில் மின்வெட்டு இருந்ததால், எல்லோரும் முதலில் அது திரும்ப வந்துவிட்டதென்றே நினைத்தார்கள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே வீதி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விடுதிக்குள்தான் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது.

அந்த இருட்டில், கொதித்த கேத்தலோடு படியிறங்கிய ஹட்டன் பிள்ளையொருத்தி கால் தவறி விழுந்தாள். வலது பாதத்தில் வெந்நீர் கொட்டியது. சத்தம் கேட்டு நான் டோர்ச்சோடு ஓடி வந்தேன். காலைக் குழாய்த் தண்ணீரில் பிடிக்கச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். முதலில் திறந்திருந்த அறையில் ஒரு ரைஸ் குக்கர் தரையில் இருந்தது. அதன் பக்கத்தில் கல்முனையிலிருந்து வந்த இறுதியாண்டுப் பிள்ளை நின்றாள். சோறு பாதிதான் வெந்திருந்தது.

அறையில் சமைப்பது விடுதி விதிக்கு மாறானது. அந்த இடத்திலேயே, பத்துப் பதினைந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, குக்கரைப் பறிமுதல் செய்து அவளுடைய பெயரைப் பதிவேட்டில் எழுதினேன். ஸஹர், அதாவது நோன்பு பிடிப்பவர்கள் விடியுமுன் சாப்பிடும் நேரம், முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவள் அன்று தண்ணீர் மட்டும் குடித்து நோன்பு பிடித்தாள் என்பது எனக்குப் பின்னேரம்தான் தெரிந்தது.

அந்த இரவில் நான் செய்தது பிழை. என்ன பிழை என்று விளங்கப் பல நாள் எடுத்தது.

விடுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதவில்லை, தும்முள்ளைச் சந்தியிலிருந்து நடந்து போகும் தூரம் என்றால் போதும். மூன்று மாடிப் பழைய கட்டடம், 112 பிள்ளைகள், அறைக்கு நான்கு கட்டில். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டப் பங்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது கணக்கு. அந்தக் கணக்கு தாளில் ஒரு சூத்திரம். விடுதிக்குள் வந்தால் அதுவே நான்கு கட்டில்: ஒன்றில் காரைநகர், ஒன்றில் கல்முனை, ஒன்றில் ஹட்டன், ஒன்றில் அநுராதபுரம். வீட்டுத் தூரத்தைப் பார்த்து இடம் கொடுப்பதால், தொலைவிலிருந்து வருபவர்களே ஓர் அறையில் சேருகிறார்கள்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கியபோது, முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் மனத்தில் இருந்தது மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். அந்தக் கனவு பேராதனைக்குப் போனது. கொழும்பில் மிஞ்சியது நகரத்துக்குள் வகுப்பறைகள்தான். விடுதிகள் பிறகு ஒவ்வொன்றாக, கிடைத்த கட்டடங்களில் வந்தன. எங்களுடையதிலும் அது தெரியும். குசினி கீழே ஒரு மூலையில், நான்கு அடுப்பு, ஒரு நீள மேசை. 112 பேருக்கு அதுதான். வெள்ளவத்தையில் போர்டிங் எடுக்கலாமே என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். அப்போது மாதம் 5,000 ரூபா மஹபொல உதவித்தொகையில் இருந்த பிள்ளைக்கு அங்கே ஒரு கட்டிலின் வாடகையே கட்டாது.

அந்த மார்ச்சில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. புதிய வரிக்கு எதிராக விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் வகுப்புகள் நடப்பதும் நிற்பதுமாக இருந்தன. பிள்ளைகள் பகல் முழுக்க விடுதியில் இருந்தார்கள், இரவெல்லாம் விழித்துப் படித்தார்கள். மின்கட்டணமோ 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம் என்று ஏறியிருந்தது. கரண்ட் பற்றிய கண்டிப்பான சுற்றறிக்கை ஒன்று எங்கள் அலுவலகச் சுவரில் புதிதாக ஒட்டியிருந்தது. நான் குக்கரைப் பறித்ததில் அந்தச் சுற்றறிக்கைக்கும் பங்கு உண்டு.

காலை ஆறு மணிக்குள் விடுதியின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. சிங்களத்தை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள், தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் போடுவார்கள். முதல் செய்தி காயத்தைப் பற்றியது. அடுத்தது 'யாரால்' என்பது. பத்தாவது செய்திக்குள் ஒரு பிள்ளையின் குக்கர் ஒரு சமூகத்தின் குக்கர் ஆகிவிட்டது. வியாழக்கிழமை 23 கையெழுத்தோடு கடிதம் வந்தது: அறையில் சமைப்பவர்களை விடுதியிலிருந்து நீக்க வேண்டும். மறுநாள் பதில் கடிதம்: நோன்பு பிடிக்கும் பிள்ளைகள் குறிவைக்கப்படுகிறார்கள். கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் கடிதத்தில் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் இருந்தன. இரண்டாவதிலும் அப்படித்தான்.

அந்த இரண்டு பட்டியலிலும் இல்லாத பெயர்கள் மூன்று: விழுந்த ஹட்டன் பிள்ளை, கல்முனைப் பிள்ளை, அவளுடைய அறையிலிருக்கும் அநுராதபுரப் பிள்ளை. சம்பவத்துக்கு மிக அருகில் இருந்த மூவரும் வாய் திறக்கவில்லை. என்னை யோசிக்க வைத்தது அதுதான். மூவரையும் ஒவ்வொருவராக என் அறைக்குத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டேன்.

ஹட்டன் பிள்ளை சொன்னது: "மிஸ், நான் நோன்பு இல்லையே. படிச்சுக்கிட்டு இருந்தேன். தூக்கம் வராம இருக்கத்தான் தண்ணி கொதிக்க வச்சேன். என் காலைச் சொல்லி அந்தக்காவை ஏசுறாங்க, எனக்கு வெக்கமா இருக்கு."

அநுராதபுரப் பிள்ளை ஓர் அடப்டரை மேசையில் வைத்தாள். "இது என்னுடையது, மிஸ். நான்தான் கொடுத்தேன். பெயர் எழுதுவதென்றால் என் பெயரையும் எழுதுங்கள்." அவள் சிங்களத்தில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் தருகிறேன். முதலாண்டிலும் இப்போது இறுதியாண்டிலும் அவர்கள் ஒரே அறை. முதலாண்டில் கல்முனைப் பிள்ளை சீனியர் ஒருத்தியைத் 'தாத்தா' என்று கூப்பிட்டதைக் கேட்டு இவள் திகைத்தாளாம். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. முஸ்லிம் வீடுகளில் அது மூத்த சகோதரி. காரைநகர்ப் பிள்ளைக்கு அது அம்மாவின் அப்பா. இப்போது அந்த அறையில் அவர்கள் ஒருத்தியை ஒருத்தி தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்படி ஓர் அறையைத்தான் வாட்ஸ்அப் இரண்டாகப் பிரிக்கப் பார்த்தது.

கல்முனைப் பிள்ளையிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "ஏன் என்னட்ட வந்து கேக்கேல்ல?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "கேட்டா நாங்க ஆருன்னு தெரிஞ்சிரும் மிஸ். 2019க்குப் பிறகு உம்மா சொல்லி அனுப்பினது, ஒண்ணும் கேக்காம, ஒருத்தருக்கும் தெரியாம படிச்சிட்டு வா எண்டுதான்."

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவொன்றின் குண்டுகள் வெடித்து, முஸ்லிம்கள் எல்லோர் மேலும் சந்தேகம் விழுந்தபோது அவள் இன்னும் பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை. அந்தப் பயத்தைத்தான் பெட்டியில் மடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். விதியை மீறியதால்தான் அவள் ஒளித்துச் சமைத்தாள் என்று நான் நினைத்திருந்தேன். கேட்க முடியாததால்தான் விதியை மீறினாள்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். பராமரிப்புப் பிரிவிலிருந்து இலெக்ட்ரீசியன் வந்து பலகையைத் திறந்தார். இடப்பக்க ஆறு அறைகளின் சொக்கற்றுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு 16 அம்பியர் பிரேக்கர், அன்று விழுந்த ட்ரிப் சுவிட்ச் அதுதான். 230 வோல்ட்டில் அது தாங்கக்கூடியது 3,680 வாட். அந்த நேரத்தில் என்னென்ன ஓடியது என்று அறை அறையாகக் கேட்டேன். தண்டனை இல்லை என்று உறுதி சொன்ன பிறகுதான் பதில் வந்தது. ரைஸ் குக்கர் இரண்டு, ஒன்று 700 வாட். கேத்தல் மூன்று, ஒவ்வொன்றும் 1,800 வாட். கூட்டினால் 6,800 வாட், ஏறக்குறைய 30 அம்பியர். இரு மடங்குக்குக் கிட்ட. பிரேக்கர் இதைக் கொஞ்ச நேரம் தாங்கும், சூடாகும், அப்புறம் விழும்.

இதில் இரண்டு குக்கரும் சேர்ந்து 1,400 வாட். ஒரு கேத்தலுக்கே அதைவிடக் கூட. மூன்று கேத்தலில் இரண்டு நோன்பு பிடிக்காத, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுடையவை. நான் பறித்த குக்கரைக் கணக்கிலிருந்து எடுத்தாலும் சுவிட்ச் விழுந்திருக்கும். தேத்தண்ணி போட்டவர்கள் ஒருவரைப் பற்றியும் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

இலெக்ட்ரீசியன் இன்னொன்றையும் காட்டினார், அதுதான் என் வயிற்றைக் கலக்கியது. அறைகளில் இருந்தவை பழைய உருண்டை முள் 5 அம்பியர் சொக்கற்றுகள். அதில் 1,150 வாட்டுக்கு மேல் ஓட்டக் கூடாது. இப்போது விற்பனைக்கு வரும் சாமான்களுக்கு 13 அம்பியர் சதுர முள் பிளக். பிள்ளைகள் இடையில் அடப்டர் போட்டுக் கேத்தலைக் கொளுவுகிறார்கள். மூன்று அறைகளில் சொக்கற்றின் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகத் தொடங்கியிருந்தது. பிரேக்கர் விழுந்தது அன்று எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். விழாமல் இருந்திருந்தால் நான் வேறு விதமான அறிக்கை எழுதியிருப்பேன்.

இனி அடுத்த கேள்வி. பிள்ளைகள் அறையில் சமைக்கும்படி குசினி ஏன் பூட்டியிருந்தது? இரவு 10 மணிக்குப் பூட்டிக் காலை 5.30க்குத் திறப்பது விதி. மார்ச் கடைசியில் கொழும்பில் ஸஹர் 4.55 அளவில் முடிந்துவிடும். நோன்பு பிடிக்கும் 14 பிள்ளைகளுக்கு அந்த விதிக்குள் ஒரு பிடி சூடான சோறு சாப்பிட வழியே இல்லை. அப்படியென்றால் முன்பு எப்படிச் சமாளித்தார்கள்? இந்த விடுதியில் பல ஆண்டுகளாக முஸ்லிம் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். கோப்புகளில் தேடினேன், ஒரு தாளும் இல்லை.

2020இல் ஓய்வு பெற்ற மேட்ரனின் தொலைபேசி இலக்கம் காவலாளி ஒருவரிடம் இருந்தது. குருநாகலில் இருக்கும் சிங்கள அம்மா. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்க முன்னமே அவர் கேட்டது: "ஐயோ, திறப்பு கொடுக்கவில்லையா?" ஒவ்வொரு ரமழானுக்கும் அவர் பிறை பார்த்த அன்று இரவே இறுதியாண்டு முஸ்லிம் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டுக் குசினித் திறப்பை, அதாவது சாவியை, கையில் கொடுத்துவிடுவாராம். அவள் மூன்று மணிக்குத் திறப்பாள், எல்லோருக்கும் சேர்த்துச் சமைப்பாள், ஐந்து மணிக்குப் பூட்டித் திறப்பை மேட்ரனின் கதவடியில் வைப்பாள். யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் அவருக்கு வரவில்லை. அந்த ஆண்டின் பிள்ளை அடுத்த ஆண்டின் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போவாள்.

அந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்று ஒரு தாளில் ஆண்டுகளைப் போட்டுப் பார்த்தேன். 2019 ரமழான், குண்டுவெடிப்பு நடந்து இரு வாரம் கழிந்து தொடங்கியது. பிள்ளைகள் பெரும்பாலும் வீடுகளில். 2020 ரமழான் ஊரடங்கில். 2021 ரமழான் கொரோனாவின் மூன்றாம் அலையில். 2022 ரமழான் எரிபொருள் வரிசைக்கும் மின்வெட்டுக்கும் நடுவில். விடுதி விடுதியாக இருந்த கடைசி ரமழான் 2018. இடையில் நான்கு. ஒரு பட்டப்படிப்பின் முழு நீளம். 2023இல் விடுதியில் இருந்த ஒரு பிள்ளைக்கும், அந்தத் திறப்பைக் கையில் வாங்கிய அக்காவின் முகம் தெரியாது.

சாதாரண காலத்திலும் இந்தச் சங்கிலி மெல்லியதுதான். எங்கள் விடுதியில் பெரும்பாலும் முதலாண்டுக்கும் இறுதியாண்டுக்கும் மட்டுமே இடம், நடுவில் இரண்டு வருடம் வெளியே. அதோடு, பகிடிவதையை (ராகிங்கை) தடுக்க முதலாண்டுப் பிள்ளைகளைத் தனி மாடியில் வைக்கிறோம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகும் பகிடிவதை ஓயவில்லை என்பதால் அந்தப் பிரிப்பை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். புதிய பிள்ளையின் நிம்மதியான நித்திரை அந்தச் சங்கிலியைவிடப் பெரிதல்ல என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பிரித்த பின், அக்காமார் தங்கச்சிமாருக்கு வாய்வழியாகச் சொல்லிக்கொடுத்ததை வேறு யாராவது சொல்ல வேண்டும். அந்த வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. எனக்கும் கொடுக்கப்படவில்லை, நானும் கேட்கவில்லை.

திறப்பு இடம் மாறியதற்குக் காரணம் வேறு. 2022இல் காஸ் கிடைக்காத நாட்களில் குசினியிலிருந்து சிலிண்டர் ஒன்று காணாமல் போயிருக்கிறது. அன்றிலிருந்து திறப்பு காவலாளியிடம், எழுத்து மூல உத்தரவோடு. 2023இல் காஸ் தாராளமாகக் கிடைத்தது. உத்தரவு மட்டும் இருந்தது.

ஏப்ரல் முதல் வாரம் பொது அறையில் கூட்டம் வைத்தேன். நோன்பைப் பற்றியோ இனத்தைப் பற்றியோ பேசுவதில்லை என்று முதலிலேயே சொன்னேன். பிரிஸ்டல் போர்ட்டில் 24 மணி நேரத்தையும் கோடு போட்டு, 'உனக்குக் குசினி எப்போது வேண்டும், இப்போது என்ன செய்கிறாய்?' என்று கேட்டேன். ஆரம்பத்தில் எவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு காரைநகர்ப் பிள்ளை வந்து வெள்ளிக்கிழமைகளைக் கோடிட்டாள். அவளுக்கு அன்று மச்சம் (மீன், இறைச்சி) படாத சட்டி வேண்டும், அதனால் அறையில் ஒரு சட்டியை ஒளித்து வைத்திருந்தாள். போயாவுக்கு (பௌர்ணமி நாளுக்கு) சில் என்ற பௌத்த விரதம் எடுக்கும் பிள்ளைகள் மத்தியானத்துக்கு முன் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அந்த நேரம் அடுப்பு கிடைப்பதில்லை என்றார்கள். ஆய்வுகூடம் முடிந்து ஒன்பதரைக்கு 138 பஸ்ஸில் வந்திறங்குபவர்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டுப் படுக்கிறார்கள். சனி ஞாயிறு வேலைக்குப் போகும் மலையகப் பிள்ளை ஒருத்தி பத்து மணிக்குப் பின் வருவதால், மத்தியானச் சோற்றுப் பார்சலில் பாதியை மிச்சம் வைத்துக் குளிரக் குளிரச் சாப்பிடுகிறாளாம். சொல்லும்போது அவள் அழவில்லை. கேட்டவர்களில் சிலர் அழுதார்கள்.

ஒரு மணி நேரத்தில் தாள் நிரம்பியது. அந்த விதியின்படி விடுதியில் பாதிப்பேர் குற்றவாளிகள். 23 கையெழுத்தில் ஒன்பது பேர் தாங்களே எழுந்து தங்கள் நேரத்தை எழுதினார்கள்.

சட்டி விஷயத்தில் நான் நின்று பார்த்தேன். ஹலால் அல்லாதது படாத பாத்திரம் ஒரு பிள்ளைக்கு வேண்டும். மச்சம் படாத பாத்திரம் இன்னொரு பிள்ளைக்கு வேண்டும். இரண்டு பேருமே ஒரே அறையில், ஆளுக்கொரு சட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தார்கள். ஒருத்தியின் சட்டி மற்றவளுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது.

செய்தவை அதிகமில்லை. குசினித் திறப்புக்கு ஒரு பதிவேடு. ரமழானில் 3.15 முதல் 5 வரை குசினி திறந்திருக்கும், ஒவ்வொரு இரவும் இரண்டு பேர் பொறுப்பு, அதில் ஒருத்தி நோன்பு பிடிக்காதவள். அந்த இரண்டாம் ஆளுக்கு ஆள் கிடைக்காது என்று நினைத்தேன். முதல் கிழமைக்கே பட்டியல் நிரம்பியது, முதல் பெயர் அநுராதபுரம். அறைக் கேத்தல்களை வாங்கி வைத்துவிட்டுக் குசினியில் பெரிய வெந்நீர்ப் பாத்திரம் ஒன்று. வாரத்தில் மூன்று நாள் குசினி இரவு 11 வரை. நிறமூடி போட்ட தனிச் சட்டிகள். அறிவித்தலைத் தமிழிலும் ஒட்டினோம். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி, ஆனால் எங்கள் குசினிக் கதவில் அது வந்து சேர அத்தனை ஆண்டு ஆனது.

அதே கூட்டத்தில் நான் குக்கரைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லோர் முன்னாலும் பறித்ததை எல்லோர் முன்னாலும்தான் கொடுக்க வேண்டும். பதிவேட்டில் அவளுடைய பெயருக்கு எதிரே, கணக்கையும் எழுதி, இந்தப் பதிவு தவறானது என்று கையொப்பமிட்டேன். "பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளு" என்றேன். அவள் தலையாட்டினாள், வேறொன்றும் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் கடிதத்தை எழுதிய பிள்ளை எவரிடமும் வருத்தம் சொல்லவில்லை, பருவ முடிவில் அறை மாறிப் போனாள். வாட்ஸ்அப் குழுவில் அந்த நாள்களின் சில வரிகளை அழிக்கச் சொன்னேன், படித்தவர்களின் மனத்திலிருந்து அழிக்க முடியவில்லை. ஹட்டன் பிள்ளையின் பாதத்தில் தழும்பு இருக்கிறது. இரண்டாம் மாடியின் 5 அம்பியர் சொக்கற்றுகளை மாற்றக் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். நான் விடுதியை விட்டு வரும்வரை உருகிய மூன்று மட்டும்தான் மாற்றப்பட்டன.

பெருநாளுக்கு முதல் நாள் இரவு கல்முனைப் பிள்ளை திறப்பையும் பதிவேட்டையும் என் மேசையில் வைத்துவிட்டு ஊருக்குப் போகப் பஸ் பிடிக்க ஓடினாள். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். தமிழில் ஒருமுறை, கீழே அநுராதபுரப் பிள்ளையின் கையெழுத்தில் சிங்களத்தில் ஒருமுறை, இப்படி எழுதியிருந்தது:

"அடுத்த வருஷம் வாற தங்கச்சிக்கு. அலாரம் 3 மணிக்கு வையுங்க. குசினிப் பூட்டு கொஞ்சம் இறுக்கம், திறப்பை மேல தூக்கித் திருப்பணும். சிலிண்டரை மூடினதுக்குப் பிறகு ஒருக்கா மணந்து பாருங்க. உப்பு மேல் தட்டுல. சிவப்பு மூடி சைவச் சட்டி, தொட வேணாம். பச்சை மூடி நம்மட. தயிர் வேணுமெண்டா முதல் நாளே வாங்கி வையுங்க, அந்த நேரத்துக்கு ஒரு கடையும் இல்ல. கேட்கப் பயப்பட வேணாம்."